சிகிச்சை பலன் தருகிறதா என்பதை முன்கூட்டியே அறிதல்: இயந்திரம் மட்டும் போதுமா?

2016 ஆம் ஆண்டில் இந்நாட்டு மக்கள் இன, மத, மொழி வேறுபாடுகளை ஒருபுறம் வைத்துவிட்டு ஒரு வைத்தியசாலைக்காகக் கைகொடுத்தமை பலருக்கும் நினைவிருக்கக்கூடும். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரமொன்றைப் பெற்றுக்கொடுக்கும் நோக்கில் கதீஜா மன்றம் முன்னின்று ஆரம்பித்த நிதி சேகரிப்பின் இலக்கு 20 கோடி ரூபாவாக இருந்தது. அரசியல்வாதிகளின் மேடைகளிலிருந்தல்லாது, சாதாரண மக்களின் சட்டைப் பைகளிலிருந்தே அப்பணம் திரண்டது. முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்தோர் தொடக்கி வைத்த அம்முயற்சியில் சிங்களவரும் தமிழரும் தயக்கமின்றி இணைந்து கொண்டனர். போருக்குப் பின்னரான இலங்கையில் நல்லிணக்கம் பற்றி நடத்தப்பட்ட கருத்தரங்குகள் பலவற்றைவிட, அந்த உண்டியல் அதிகமாகப் பேசியது என்றால் அது மிகையாகாது.

ஆயினும், அன்று பணம் கொடுத்தவர்களிடம் அந்த இயந்திரம் எதற்கு என்று கேட்டிருந்தால், ‘புற்றுநோய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு’ என்பதே பெரும்பாலானோரின் பதிலாக இருந்திருக்கும். அது தவறான பதிலன்று. ஆனால், பாதிப் பதிலே ஆகும். கொடுக்கப்படும் மருந்து வேலை செய்கிறதா, இல்லையா என்பதைச் சிகிச்சை முடியும் வரை காத்திராமல் ஆரம்பத்திலேயே சொல்லிவிடும் ஆற்றல்தான் அதன் மறுபாதியாகும். நோயாளியின் உயிரையும், உடல் வேதனையையும், அரசாங்கத்தின் மருந்துச் செலவையும் ஒருங்கே தீர்மானிக்கக்கூடிய அந்த மறுபாதி பற்றியே நாம் இங்கு பேச வேண்டியுள்ளது.

சீனியைத் தேடும் கட்டி

புற்றுநோய்க் கலங்கள் சாதாரண கலங்களைவிட அளவுக்கதிகமாகக் குளுக்கோஸை விழுங்குகின்றன என்பதை 1920 களில் அவதானித்தவர் ஜேர்மனிய விஞ்ஞானி ஒட்டோ வார்பர்க். 1931 இல் நோபல் பரிசு பெற்றவர் இவர். அவர் கண்ட உண்மை நோயாளியின் படுக்கையருகே வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது. குளுக்கோஸ் மூலக்கூறொன்றில் புளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைப் பொருத்திச் செய்யப்பட்ட எப்.டி.ஜி. என்னும் பதார்த்தம், 1976 ஓகஸ்ட்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்கு ஏற்றப்பட்டது. அது நியூயோர்க்கின் லோங் ஐலண்ட்டில் உள்ள புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் தயாரிக்கப்பட்டு, விமானம் மூலம் பிலடெல்பியாவுக்கு அவசர அவசரமாகக் கொண்டுசெல்லப்பட்டது. இந்த விமானப் பயணத்தை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். ஏனெனில், நமது பிரச்சினையின் முடிச்சும் அங்கேதான் உள்ளது.

எப்.டி.ஜி.யைக் குளுக்கோஸ் என்று நம்பிக் கலம் உள்ளே இழுத்துக் கொள்கிறது. ஆனால், அதை முழுமையாக எரித்துச் சக்தியாக்கக் கலத்தினால் இயலாது. வெளியே தள்ளவும் எளிதில் இயலாது. ஆகவே, பசி கூடிய கலங்களில் அது தேங்கி நிற்கிறது. அதிலிருந்து வெளிப்படும் கதிர்களை இயந்திரம் படமாக்குகிறது. சீ.ரீ. ஸ்கேன் கட்டியின் உருவத்தையும் பருமனையும் காட்டுகிறது என்றால், பெட் ஸ்கேன் கட்டியின் உயிர்த்துடிப்பைக் காட்டுகிறது எனலாம்.

இவ்விரண்டுக்குமிடையிலான வேறுபாடு சாதாரணமானதன்று. மருந்தினால் தாக்குண்ட கட்டி உடனே சுருங்கிவிடுவதில்லை. இறந்த கலங்களை உடல் அகற்றுவதற்கு வாரங்களும் மாதங்களும் செல்லும். சில வேளைகளில் தழும்பாக மாறிய கட்டி அதே அளவில் எஞ்சி நிற்பதும் உண்டு. ஆனால், சீனியை விழுங்குவதைக் கலம் முன்கூட்டியே நிறுத்திவிடுகிறது. இரைப்பை, குடலில் தோன்றும் ஜிஸ்ட் எனப்படும் அரிய வகைக் கட்டிக்கு இமாட்டினிப் என்ற மாத்திரை கொடுக்கப்பட்டபோது, கட்டியின் அளவு மாறுவதற்கு வெகுமுன்னரே, சில நாட்களுக்குள் பெட் படத்தில் அது மங்கிப் போனதை 2000 ஆம் ஆண்டை அடுத்து வைத்தியர்கள் கண்டனர். அளவுகோலால் அளந்தவருக்கு ‘மாற்றமில்லை’ என்று தோன்றிய இடத்தில், படம் ‘மருந்து வென்றுவிட்டது’ என்று சொல்லியது.

இரண்டாவது மாதத்தில் கிடைக்கும் தீர்ப்பு

இம்முறையின் பெறுமதி மிகத் தெளிவாக நிரூபிக்கப்பட்ட நோய் ஹொட்ஜ்கின் லிம்போமா எனப்படும் நிணநீர்த் தொகுதிப் புற்றுநோயாகும். பெரும்பாலும் இளவயதினரைத் தாக்குவதும், உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் குணமாகக் கூடியதுமான நோய் இது. ஏ.பி.வி.டி. எனப்படும் நான்கு மருந்துகளின் கூட்டு, முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதங்கள் வழங்கப்படுகிறது. அந்நான்கில் ஒன்றான பிளியோமைசின் சுவாசப்பையை நிரந்தரமாகப் பாதிக்கக் கூடியது. ஆறு மாதங்களின் பின்னர் ‘மருந்து பலனளிக்கவில்லை’ என்று அறிந்துகொள்வது, நோயாளி விலை கொடுத்துவிட்ட பின்னர் பொருள் இல்லை என்று சொல்வதைப் போன்றதாகும்.

இத்தாலிய, டென்மார்க் வைத்தியர்கள் 260 நோயாளிகளை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட முடிவு இத்துறையையே திருப்பிப் போட்டது. இரண்டு சுற்று மருந்தின் பின்னர், அதாவது ஏறத்தாழ இரண்டு மாதங்களில் எடுக்கப்பட்ட பெட் படத்தில் நோயின் துடிப்பு மறைந்திருந்தோரில் 95 சதவீதத்தினர் இரண்டு வருடங்களின் பின்னரும் நோய் தலைதூக்காமல் இருந்தனர். துடிப்பு நீடித்தோரிலோ அவ்வாறு இருந்தோர் சுமார் 13 சதவீதத்தினர் மட்டுமே. நோய் எவ்வளவு முற்றியது என்ற பழைய கணிப்புகளைவிட, இரண்டாவது மாதப் படமே எதிர்காலத்தைத் துல்லியமாகச் சொல்லியது.

முன்னறிவிப்பு ஒன்று கிடைத்துவிட்டால் மட்டும் நோயாளிக்கு நன்மை விளைந்துவிடாது. அதைக் கொண்டு என்ன செய்வது என்பதே அடுத்த கேள்வி. அதற்கு விடை தேடிய ‘ரத்ல்’ என்ற சர்வதேச ஆய்வின் முடிவுகள் 2016 இல் வெளியாகின. 1,200 க்கும் மேற்பட்டோர் பங்குபற்றிய அவ்வாய்வில், இரண்டு சுற்றின் பின்னர் படம் தெளிவாக இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு பிளியோமைசின் நிறுத்தப்பட்டது. மூன்று வருட முடிவில் நோயின்றி இருந்தோர், நான்கு மருந்துகளையும் பெற்ற பிரிவில் 85.7 சதவீதமாகவும், பிளியோமைசின் நிறுத்தப்பட்ட பிரிவில் 84.4 சதவீதமாகவும் இருந்தனர். பலனில் பெரிய வேறுபாடு இல்லை. சுவாசப்பைப் பாதிப்போ குறைந்தது. மறுபுறம், படத்தில் நோய் நீடித்தவர்களுக்குக் கடுமையான மருந்துக் கூட்டு வழங்கப்பட்டது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மூன்று வருடங்களின் பின்னரும் நோய் முன்னேறாத நிலையில் இருந்தனர். ஆக, ஒரே படம் ஒருவருக்குத் தேவையற்ற நஞ்சைத் தவிர்த்தது; மற்றவருக்குத் தேவையான ஆயுதத்தை உரிய வேளையில் எடுத்துக் கொடுத்தது.

இதையொத்த மற்றோர் உதாரணம் ஜேர்மனியின் மியூனிக் நகரில் நடைபெற்ற ஆய்வு. களமும் இரைப்பையும் சேருமிடத்தில் தோன்றும் புற்றுநோய்க்குச் சத்திர சிகிச்சைக்கு முன்னர் மருந்து வழங்குவது வழக்கம். மருந்து தொடங்கி 14 ஆவது நாளில் கட்டி சீனியை உள்வாங்கும் அளவு 35 சதவீதமாவது குறைந்திருந்தால் மருந்து தொடரப்பட்டது. குறையாவிட்டால் மருந்து நிறுத்தப்பட்டு உடனடியாகச் சத்திர சிகிச்சை செய்யப்பட்டது. 2007 இல் வெளியான அம்முடிவுகளின்படி ஏறத்தாழ அரைவாசிப் பேரே மருந்துக்கு இணங்கினர். இணங்காத ஏனைய அரைவாசியினர், பயனற்ற மருந்தை மேலும் பல வாரங்கள் சுமப்பதிலிருந்து விடுவிக்கப்பட்டனர்.

மிகைப்படுத்தல் ஆகாது

இத்தகைய செய்திகளைப் படித்ததும், ‘எல்லாப் புற்றுநோயாளருக்கும் மாதந்தோறும் பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும்’ என்று எவரேனும் வாதிடத் தலைப்பட்டால் அது பெருந்தவறாகும். முன்னறிவிப்பு வேறு, பரிகாரம் வேறு என்பதை 2018 இல் ஜேர்மனியிலிருந்து வெளியான ‘பெட்டல்’ ஆய்வு கசப்போடு உணர்த்தியது. தீவிரமாக வளரும் வேறு வகை லிம்போமாக்களில், ஆரம்ப மருந்துக்கு இணங்காதவர்களை பெட் படம் சரியாகவே இனங்கண்டது. ஆனால், அவர்களுக்கு மேலும் கடுமையான மருந்து கொடுத்தபோது பலன் அதிகரிக்கவில்லை; பக்கவிளைவுகளே அதிகரித்தன. மாற்று மருந்து கைவசம் இல்லாத இடத்தில் கெட்ட செய்தியை முன்கூட்டியே சொல்வதால் நோயாளியின் துயரத்தின் கால எல்லை நீள்கிறதேயன்றி ஆயுள் நீள்வதில்லை.

படமும் பொய் சொல்லக்கூடும். சீனியை விரும்பி உண்பது புற்றுநோய் மட்டுமன்று. காசநோய், வேறு கிருமித் தொற்றுகள், கதிர்ச் சிகிச்சைக்குப் பிந்திய அழற்சி ஆகியவையும் படத்தில் ஒளிரும். காசநோய் இன்னமும் முற்றாக அகலாத நமது பிராந்தியத்தில் இது அலட்சியம் செய்யத்தக்க விடயமன்று. மாறாக, புரொஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் போன்ற சில, எப்.டி.ஜி.யைப் போதியளவு உள்வாங்குவதில்லை. இரத்தத்தில் சீனி மிகுந்திருந்தால் படத்தின் தரம் கெடும் என்பதால், நீரிழிவு பரவலாக உள்ள நமது சமூகங்களில் பரிசோதனைக்கு முன்னரான ஆயத்தம் மிகக் கவனமாக மேற்கொள்ளப்பட வேண்டும். பல மணித்தியாலங்கள் உணவின்றி வரவேண்டும் என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கத் தவறினால், ஒரு நாள் பயணமும் ஒரு வேளை மருந்தும் வீணாகிவிடும்.

வாசிப்பவரைப் பொறுத்து முடிவு மாறுவதும் ஓர் ஆபத்தாகும். இதனாலேயே 2009 இல் பிரான்ஸின் டோவில் நகரில் கூடிய நிபுணர்கள், எஞ்சியிருக்கும் ஒளிர்வை நோயாளியின் ஈரலின் ஒளிர்வோடும் இரத்தத்தின் ஒளிர்வோடும் ஒப்பிட்டு 1 முதல் 5 வரை புள்ளியிடும் முறையொன்றை வகுத்தனர். இன்று உலகெங்கும் லிம்போமாவுக்கு இம்முறையே பயன்படுகிறது. நோயாளியின் அறிக்கையில் இப்புள்ளி குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று கேட்பது நோயாளியினதும் உறவினரதும் உரிமையாகும்.

இதற்கு அடுத்த தலைமுறைத் தொழில்நுட்பமும் வளர்ந்து வருகிறது. பைருவேற் என்ற பதார்த்தத்தில் உள்ள கார்பன்-13 அணுக்களை விசேட முறையில் ஆயத்தப்படுத்தி, எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் அவற்றின் சமிக்ஞையை 10,000 மடங்குக்கு மேல் பெருக்கும் வழி 2003 இல் அறிவிக்கப்பட்டது. கட்டி அதை லக்டேற்றாக மாற்றும் வேகத்தை நேரடியாகப் பார்க்க இது உதவுகிறது. 2007 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எலிகளில் இம்முறையைக் கையாண்டு, மருந்து கொடுத்து ஒரு நாளுக்குள்ளேயே அதன் பலனைக் கண்டனர். 2013 இல் கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோவில் 31 புரொஸ்டேட் புற்றுநோயாளரிடம் இது முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டது. கதிரியக்கம் இல்லாதது இதன் சிறப்பு. ஆனால், பெருக்கப்பட்ட சமிக்ஞை சில நிமிடங்களில் மறைந்துவிடும் என்பதால், மருந்து ஸ்கேன் அறையின் அருகிலேயே தயாராக வேண்டும். வழமையான சிகிச்சையில் இது இடம்பிடிக்க இன்னும் நிரூபணங்கள் தேவை. ஆகவே, நமது உடனடி அக்கறை பெட் ஸ்கேனிலேயே நிலைகொள்ள வேண்டும்.

110 நிமிடக் கணக்கு

இப்போது அந்த 1976 விமானப் பயணத்துக்கு வருவோம். புளோரின்-18 இன் வீரியம் ஒவ்வொரு 110 நிமிடத்துக்கும் பாதியாகக் குறைகிறது. சைக்ளோட்ரோன் என்ற இயந்திரத்தில் உற்பத்தியாகும் இம்மருந்தைக் களஞ்சியப்படுத்தி வைக்க எந்தக் குளிர்பதனப் பெட்டியாலும் முடியாது. கொழும்பிலிருந்து ஏ-9 வீதியூடாக யாழ்ப்பாணத்துக்கு 7 மணித்தியாலம் 20 நிமிடத்தில் ஒரு வாகனம் சென்றடைகிறது என்று கொண்டால், புறப்பட்ட மருந்தின் வீரியத்தில் 16 இல் ஒரு பங்கே மிஞ்சும். கிழக்கின் கரையோரத்துக்கும் கணக்கு பெரிதாக மாறப் போவதில்லை. எனவே, இயந்திரத்தை வாங்கி ஓர் இடத்தில் நிறுத்தினால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. நாள் தவறாமல் வந்துசேரும் மருந்து, அதைக் கையாளும் மருத்துவ பௌதிகவியலாளர், படத்தை வாசிக்கும் அணு மருத்துவ நிபுணர், பழுதானால் திருத்தும் ஒப்பந்தம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே பெட் ஸ்கேன் சேவையாகும்.

மருந்து நோயாளியிடம் வர முடியாதபோது நோயாளிதான் மருந்திடம் செல்ல வேண்டியுள்ளது. ஏற்கனவே மருந்தினால் தளர்ந்துபோன ஓர் இளைஞன் பூநகரியிலிருந்தோ வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ இரவிரவாக பஸ்ஸில் பயணம் செய்து, உணவின்றிக் காத்திருந்து, தனக்குப் பழக்கமற்ற மொழியில் தரப்படும் அறிவுறுத்தல்களை ஊகித்து நடந்துகொள்ள வேண்டிய நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். கூடச் செல்லும் தாயோ தந்தையோ நாட்கூலி இழக்கிறார். தங்குமிடத்துக்கும் பணம் வேண்டும். இலவச சுகாதார சேவை என்பது வைத்தியசாலை வாசலுக்குள் மட்டும் இலவசமாக இருந்தால், வாசலை அடைவதற்கு முன்னரே ஏழை வடிகட்டப்பட்டுவிடுகிறான். இரண்டாவது மாதத்தில் எடுக்க வேண்டிய படம் ஐந்தாவது மாதத்தில் கிடைக்குமாயின், அது முன்னறிவிப்பு அன்று. வெறும் பதிவேடு ஆகும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, மட்டுப்படுத்தப்பட்ட பரிசோதனை வாய்ப்புகள் யாருக்கு முதலில் என்பதற்குப் பகிரங்கமான ஒழுங்குவிதி வேண்டும். படத்தின் முடிவு சிகிச்சையை மாற்றும் என்று நிரூபணமாகியுள்ள நோயாளருக்கே முன்னுரிமை வழங்கப்பட வேண்டும். ஹொட்ஜ்கின் லிம்போமா நோயாளியின் இரண்டாவது மாதப் படம் அவ்வரிசையின் உச்சியில் நிற்கத் தக்கது. செல்வாக்குள்ளவரின் தொலைபேசி அழைப்பு அவ்வரிசையை மாற்றுவதற்கு இடமளிக்கலாகாது. நோய்க்குறி எதுவுமற்ற வசதி படைத்தோர் ‘முழு உடல் பரிசோதனை’ என்ற பெயரில் இதனை நாடுவதையும் வைத்தியத் துறையினர் ஊக்குவிக்கலாகாது.

இரண்டாவதாக, திகதியும் பயணமும் சிகிச்சையின் அங்கமாகக் கருதப்பட வேண்டும். தெல்லிப்பழையிலோ மட்டக்களப்பிலோ முதலாவது சுற்று மருந்து ஏற்றப்படும் அன்றே, இரண்டாவது மாதப் பரிசோதனைக்கான திகதி குறிக்கப்பட வேண்டும். போக்குவரத்து, தங்குமிடம் ஆகியவற்றுக்கு அரசும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து ஏற்பாடு செய்வது இயலாத காரியமன்று.

மூன்றாவதாக, அறிவுறுத்தல்களும் முடிவு பற்றிய விளக்கமும் தமிழில் கிடைக்க வேண்டும். மும்மொழிக் கொள்கை பெயர்ப்பலகையோடு நின்றுவிடாமல் உயிர் காக்கும் இடத்துக்கும் வரவேண்டும்.

நான்காவதாக, நீண்டகாலத் திட்டமொன்று அவசியம். வடக்கிலும் கிழக்கிலும் இச்சேவையை நிறுவுவதற்கான சாத்தியங்களை, மருந்து வரும் வழி உட்பட, சுகாதார அமைச்சும் இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையும் இணைந்து ஆராய வேண்டும். வான்வழி விநியோகம் 1976 இலேயே சாத்தியமாயிற்று. பலாலி விமான நிலையம் 2019 இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து வைக்கப்பட்டுள்ள நிலையில், இக்கேள்வியைப் பரிசீலிக்காமலே ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. செலவு தாங்காது என்பதே ஆராய்வின் முடிவானால், அம்முடிவு கணக்குகளோடு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

பொருளாதார நெருக்கடியின் வடுக்கள் ஆறாத நாட்டில் இவை ஆடம்பரக் கோரிக்கைகள் என்று சிலர் கூறக்கூடும். 2022 இல் அடிப்படை மருந்துகளுக்கே தட்டுப்பாடு நிலவியதை நாம் மறந்துவிடவில்லை. ஆனால், பலன் தராத மருந்தை மாதக்கணக்கில் இறக்குமதி செய்து ஏற்றுவதும் செலவுதான். தேவையற்ற மருந்தினால் பழுதடைந்த சுவாசப்பைக்கு வாழ்நாள் முழுவதும் வைத்தியம் பார்ப்பதும் செலவுதான். உரிய வேளையில், உரியவருக்கு எடுக்கப்படும் ஒரு படம் இவ்விரு செலவுகளையும் தவிர்க்கக் கூடியது. வறிய நாட்டுக்கே வீண் செலவைத் தடுக்கும் கருவி அதிகம் தேவை.

புற்றுநோய்க்கு இனம் கிடையாது. 2011 இல் தெற்கே தெய்வேந்திர முனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை மக்கள் நடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டினர். 2016 இல் மஹரகமவுக்காக எல்லோரும் கைகொடுத்தனர். மக்கள் இரு தடவைகள் தமது கடமையைச் செய்துவிட்டனர். அவர்கள் கொடுத்த பணத்தின் பயன் தெய்வேந்திர முனையில் உள்ளவருக்கும் பருத்தித்துறையில் உள்ளவருக்கும் ஒரே காலத்தில், ஒரே தரத்தில் சென்றடைவதை உறுதிப்படுத்துவது ஆட்சியில் இருப்போரின் கடமையாகும். உடலுக்குள் 110 நிமிடத்தில் பாதியாகும் மருந்து, கோப்புகள் நகரும் வரை காத்திருக்காது, நோயும் காத்திருக்காது.